ஜப்பானின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழி கற்போரிடமும் அந்நாட்டுக்குப் பயணம் புறப்படுவோரிடமும் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவற்றுக்கு வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

உலகப் பாரம்பரியச் சின்னம் என்பது யுனெஸ்கோ தேடி வந்து கொடுக்கும் விருதா?

இல்லை. 1972ஆம் ஆண்டின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கையில் சேர்ந்த ஒரு நாடு, தன் எல்லைக்குள் உள்ள இடத்தைத் தானே முன்மொழிய வேண்டும். பண்பாட்டு இடமானால் நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமாஸின் வல்லுநர்களும், இயற்கை இடமானால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்களும் நேரில் வந்து ஆராய்ந்து பரிந்துரை அளிப்பார்கள். இறுதி முடிவை 21 உறுப்பு நாடுகளைக் கொண்ட குழு எடுக்கிறது. அந்தக் குழு வல்லுநர் பரிந்துரையைத் தாண்டியும் முடிவெடுக்கலாம். ஜப்பானின் விஷயத்தில் அப்படிச் சில முறை நடந்திருக்கிறது.

முன்மொழியும் நாடு, அந்த இடத்துக்கு உள்நாட்டுச் சட்டப் பாதுகாப்பும் மேலாண்மைத் திட்டமும் ஏற்கெனவே இருப்பதைக் காட்டியாக வேண்டும். ஆகவே இதை விருது என்பதைவிட, ஒரு நாடு உலகத்தின் முன்னால் எழுதிக்கொடுக்கும் பொறுப்பு முறி என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜப்பானில் மொத்தம் எத்தனை இருக்கின்றன?

2024இல் சாதோ தீவின் தங்கச் சுரங்கங்கள் சேர்ந்தபோது எண்ணிக்கை 26 ஆனது. அவற்றில் 21 பண்பாட்டுச் சின்னங்கள், 5 இயற்கைச் சின்னங்கள். முதல் நான்கும் 1993இல் இடம்பெற்றன: ஹோர்யூஜி பகுதியின் புத்த ஆலயங்கள், ஹிமெஜி கோட்டை, யாகுஷிமா தீவு, ஷிராகாமி மலைக்காடு.

எண்ணிக்கையை வைத்து எதையும் அளந்துவிட முடியாது. பட்டியலில் ஒரே பதிவாக இருக்கும் பழைய கியோத்தோவுக்குள் மட்டும் 16 ஆலயங்களும் ஒரு கோட்டையுமாக 17 இடங்கள் அடங்கியிருக்கின்றன.

1972இல் வந்த உடன்படிக்கையில் ஜப்பான் 1992இல்தான் சேர்ந்தது. அதுவரை எதையும் பாதுகாக்காமல் விட்டுவிட்டார்களா?

உண்மை இதற்கு நேர்மாறானது. 1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோ என்னும் ஜப்பானின் பழைய தெய்வ வழிபாட்டையும் புத்த வழிபாட்டையும் பிரித்தபோது எழுந்த புத்த எதிர்ப்பு அலையில் எத்தனையோ ஆலயங்கள் சிதைந்தன, சிலைகள் கைமாறின. அந்த இழப்பைக் கண்ட பிறகு, 1897இலேயே பழைய ஆலயங்களைக் காக்கும் சட்டம் வந்தது. வரலாற்று இடங்கள், இயற்கைக் காட்சிகள், அரிய உயிரினங்கள் ஆகியவற்றுக்கான சட்டம் 1919இல் வந்தது.

பிறகு 1949 ஜனவரி 26 அன்று ஹோர்யூஜியின் பொன் மண்டபத்தில் தீப்பிடித்து, 7ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் சுவரோவியங்கள் கருகின. நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே, சிதறிக் கிடந்த சட்டங்களை ஒன்றாக்கிப் பண்பாட்டுச் சொத்துகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடம், ஓவியம் போன்றவற்றோடு நாடகம், இசை, கைத்தொழில் ஆகிய உருவமற்றவற்றையும் அந்தச் சட்டம் சொத்தாக ஏற்றது. மக்கள் ‘வாழும் தேசியச் செல்வங்கள்’ என்று அழைக்கும் கலைஞர்களும் கைவினைஞர்களும் அதன் வழியாக அங்கீகாரம் பெறுகிறார்கள். தம் கலையை அடுத்தவருக்குக் கற்பிப்பதற்காக அவர்களுக்கு ஆண்டுதோறும் 20 லட்சம் யென் வழங்கப்படுகிறது. இன்றும் ஜனவரி 26 அன்று நாடெங்கும் ஆலயங்களில் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது.

மரத்தால் கட்டிய ஆலயம் 1300 ஆண்டுகள் நிற்குமா? பழுதுபார்த்துப் பழுதுபார்த்து எல்லாவற்றையும் மாற்றிய பிறகு அதைப் பழைய கட்டடம் என்று எப்படிச் சொல்வது?

நிற்கிறது. ஹோர்யூஜியின் பொன் மண்டபமும் ஐந்து நிலைக் கோபுரமும் உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களுள் சேர்ந்தவை. ஹினோகி என்னும் ஜப்பானியச் சைப்ரஸ் மரத்தின் உறுதி ஒரு காரணம். இன்னொன்று, இந்தக் கட்டடங்கள் கழற்றி மாட்டக்கூடியவை என்பது. தூணும் உத்தரமும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இணைப்புகளால் நிற்பதால், தேவைப்படும்போது முழுக் கட்டடத்தையும் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் சோதித்து, உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே இன மரத்தை அதே முறையில் பொருத்தி மறுபடியும் நிறுத்துகிறார்கள். ஹோர்யூஜியில் 1934இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு 1985இல்தான் முடிந்தது. தூணின் அடி உளுத்திருந்தால் அந்த அடியை மட்டும் மாற்றி ஒட்டுப்போடுகிறார்களே தவிர, தூணைத் தூக்கி எறிவதில்லை.

இருந்தாலும் நீங்கள் எழுப்பும் ஐயத்தை உலக வல்லுநர்களும் எழுப்பினார்கள். பழைய கட்டடங்களைப் பேணும் நெறிகளாக 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம் முதன்மையாகக் கல் கட்டடங்களை மனத்தில் கொண்டு எழுந்தது. கல்லுக்கு வயது ஏறினால் அதை அப்படியே விடலாம். ஈரமும் கறையானும் நிலநடுக்கமும் உள்ள நாட்டில் மரத்தை அப்படியே விட்டால் ஒன்றும் மிஞ்சாது. இந்த வேறுபாட்டைப் பேசுவதற்காக 1994 நவம்பரில் 28 நாடுகளைச் சேர்ந்த 45 பேர் நாரா நகரில் கூடினார்கள். மெய்ம்மையை எல்லாப் பண்பாடுகளுக்கும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்றும், மூலப்பொருளோடு வடிவம், பயன்பாடு, மரபு, கைத்திறன், இடம், உணர்வு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் அவர்கள் வெளியிட்ட நாரா ஆவணம் கூறியது. ஜப்பான் உலகப் பாரம்பரிய உடன்படிக்கைக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடையாக நான் கருதுவது 26 சின்னங்களை அல்ல, இந்த ஓர் ஆவணத்தைத்தான். மண்ணாலும் மரத்தாலும் கட்டிய ஆசிய, ஆப்பிரிக்க மரபுகள் பலவற்றுக்கும் அது வழி திறந்தது.

அப்படியானால், 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டும் இசே ஆலயமும் பட்டியலில் இருக்க வேண்டுமே?

பட்டியலில் இல்லை. இசே பெருங்கோயிலில் அடுத்தடுத்து இரண்டு மனைகள் உண்டு. ஒன்றில் ஆலயம் இருக்கும்போதே மற்றொன்றில் அதே வடிவில் புதிய ஆலயம் எழும்பும். தெய்வம் அங்கே குடிபுகுந்த பிறகு பழையது பிரிக்கப்படும். 690இல் தொடங்கியதாகக் கூறப்படும் இந்த வழக்கம், போர்க்காலங்களில் இடைவெளி விட்டாலும், தொடர்ந்து வருகிறது. 62ஆவது முறை 2013இல் நடந்தது, அடுத்தது 2033இல். பிரித்த மரங்கள் வீணாவதில்லை, நாட்டின் மற்ற ஆலயங்களுக்குப் போகின்றன.

முந்தைய பதிலில் சொன்ன ஹோர்யூஜியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹோர்யூஜியில் பழைய மரம் காக்கப்படுகிறது. இசேயில் மரம் புதியது, கட்டும் முறையும் வழிபாடும்தான் பழையவை. 20 ஆண்டு இடைவெளியில், இளைஞராக இருந்து கற்றுக்கொண்ட தச்சர் அடுத்த முறை முன்னின்று கற்பிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். ஜப்பானிய மரக் கட்டடங்களைக் காக்கும் கைத்திறன்கள் 2020இல் யுனெஸ்கோவின் வேறொரு பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியல் எது என்பதைச் சற்றுக் கீழே சொல்கிறேன்.

ஃபுஜி மலை எரிமலைதானே? அதை ஏன் பண்பாட்டுச் சின்னம் என்கிறார்கள்?

முதலில் இயற்கைச் சின்னமாகத்தான் பலரும் அதைக் கனவு கண்டார்கள். ஆனால் உலகில் எரிமலைகள் பல உண்டு, மலையில் குப்பையும் கழிவும் பெருகியிருந்தன. 2003இல் இயற்கைப் பிரிவுக்கு முன்மொழியத் தக்க இடங்களை உள்நாட்டு வல்லுநர் குழு தேர்ந்தெடுத்தபோது ஃபுஜி அதில் இடம்பெறவில்லை. பிறகு, 3776 மீட்டர் உயரமுள்ள அந்த மலையை மக்கள் எப்படி வணங்கினார்கள், ஹோகுசாய், ஹிரோஷிகே போன்ற ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்பதை முன்வைத்து, வழிபாட்டு இடமும் கலைக்கு ஊற்றும் என்ற பெயரில் 2013இல் அங்கீகாரம் கிடைத்தது. 25 இடங்கள் அதில் அடங்கும். சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் கடற்கரையில் உள்ள மிஹோ பைன் தோப்பை விட்டுவிடும்படி இக்கோமாஸ் கூறியும், குழு அதைச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தோப்பின் வழியாக மலையைப் பார்ப்பதே ஓவிய மரபின் ஒரு பகுதி என்ற வாதம் வென்றது.

அங்கீகாரத்தோடு கூட்டமும் வந்தது. 2024இல் யாமனாஷி பக்கத்து ஏறுபாதையில் நாளுக்கு 4000 பேர் என்ற வரம்பும் 2000 யென் கட்டணமும் விதிக்கப்பட்டன. 2025 முதல் எல்லா ஏறுபாதைகளிலும் கட்டணம் 4000 யென்.

இயற்கைச் சின்னங்கள் ஐந்தே ஐந்துதானா? அங்கே அப்படி என்ன இருக்கிறது?

ஐந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத உலகங்கள். யாகுஷிமாவில் ஆயிரம் ஆண்டைத் தாண்டிய, சுகி என்னும் ஜப்பானியச் சிடார் மரங்கள் நிற்கின்றன. அந்த வயதை எட்டாதவற்றை உள்ளூரார் ‘சின்ன சுகி’ என்றே அழைக்கிறார்கள். ஷிராகாமியில் மனிதக் கை அதிகம் படாத, புனா என்னும் பீச் மரக்காடு. அதன் நடுவே போடத் திட்டமிட்ட சாலையை 1980களில் மக்கள் எதிர்த்து நிறுத்தியதால்தான் அங்கீகரிக்க அங்கே ஒரு காடு மிஞ்சியது. ஷிரெதோகோவில் மிதந்து வரும் கடற்பனி நுண்ணுயிர்களை வளர்க்கிறது, அவற்றால் மீன் பெருகுகிறது, ஆறேறும் சால்மன் மீனைக் கரடி தின்கிறது. கடலும் காடும் ஒரே சங்கிலியாக இயங்குவதை அங்கே காணலாம். தோக்கியோவிலிருந்து கப்பலில் 24 மணி நேரம் போக வேண்டிய ஒகாசவாரா, எக்காலத்திலும் கண்டத்தோடு ஒட்டியிராத தீவுக்கூட்டம். அதன் நில நத்தைகளில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை.

ஐந்தாவது, 2021இல் இடம்பெற்ற அமாமி-ஓஷிமா, தோகுனோஷிமா, வட ஒகினாவா, இரியோமோத்தே ஆகிய தீவுகள். இதில் நம் துணைக்கண்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்படத்தக்க பங்கு அல்ல. ஹாபு என்னும் நச்சுப்பாம்பை ஒழிப்பதற்காக இங்கிருந்து கீரிகளை 1910இல் ஒகினாவாவுக்குக் கொண்டுபோனார்கள். 1979இல் சுமார் 30 கீரிகள் அமாமியிலும் விடப்பட்டன. கீரிக்கும் பாம்புக்கும் பகை என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது. கீரி பகலில் திரிவது, ஹாபு இரவில் திரிவது. பாம்பை விட்டுவிட்டு, அமாமி, தோகுனோஷிமா என்ற இரண்டு தீவுகளில் மட்டுமே வாழும் கருமுயலைக் கீரிகள் வேட்டையாடின. 2000ஆம் ஆண்டளவில் கீரிகள் 10,000 வரை பெருகியதாகக் கணக்கிடப்பட்டது. பொறிகள், மோப்ப நாய்கள், ஆண்டுக்கணக்கில் காட்டில் அலைந்த குழுவினர் என்று தொடர்ந்த முயற்சியில் கடைசிக் கீரி 2018இல் பிடிபட்டது. 2024 செப்டம்பரில் முற்றிலும் ஒழிந்ததாக அரசு அறிவித்தது. முயல்கள் திரும்பப் பெருகிவருகின்றன.

ஜப்பானியச் சாப்பாடும் சாக்கே மதுவும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் என்று செய்தியில் படித்தேனே?

அது வேறு உடன்படிக்கை, வேறு பட்டியல். 2003ஆம் ஆண்டின் உடன்படிக்கை, நிகழ்த்துகலை, சடங்கு, கைத்தொழில், அறிவு ஆகிய அருவப் பண்பாட்டு மரபுகளுக்கானது. ஜப்பான் அதில் 2004இல் சேர்ந்தது. நோ, கபுகி என்னும் நாடக வகைகள், புன்ராகு பொம்மலாட்டம் ஆகியவை 2008இலும், வாஷோகு உணவு மரபு 2013இலும், கையால் செய்யும் வாஷி காகிதம் 2014இலும், கோஜி பூஞ்சையைக் கொண்டு சாக்கே வடிக்கும் முறை 2024இலும் அதில் இடம்பெற்றன. மேலே சொன்ன தச்சுக் கைத்திறனும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

இங்கே ‘உலகிலேயே தலைசிறந்தது’ என்ற தீர்ப்பு எதுவும் இல்லை. வாஷோகு என்று பதிவானது சுஷி, தெம்புரா போன்ற தனிப் பண்டங்கள் அல்ல. புத்தாண்டின்போது குடும்பமும் ஊரும் கூடிச் சமைத்து உண்ணும் வழக்கம் உள்ளிட்ட வாழ்முறையே பதிவாயிற்று.

ஷிராகாவா-கோ கிராமத்து வீடுகளில் மக்கள் உண்மையிலேயே குடியிருக்கிறார்களா?

குடியிருக்கிறார்கள். கும்பிடும் கைகளைப் போல் கூடி நிற்கும் செங்குத்தான கூரையாதலால் அந்த வீடுகளுக்கு ‘கூப்பிய கை’ என்றே பெயர். கனத்த பனி கூரையில் தங்காமல் சரிய வேண்டும் என்பது அந்த வடிவுக்குக் காரணம். உயர்ந்த பரணில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரை வேய ஒரு குடும்பத்தால் ஆகாது. இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ என்ற முறையில் ஊரே கூடிச் செய்யும் அந்த வழக்கத்துக்கு ‘யுயி’ என்று பெயர்.

அணைகளாலும் ஊர்விட்டுப் போவோராலும் வீடுகள் மறைந்துவந்த காலத்தில், 1971இல், ஊரார் தாமே கூடி மூன்று உறுதிகளை எடுத்தார்கள்: விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். யுனெஸ்கோ வந்தது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1995இல். போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவை பிறர் வீடுகள். சன்னலுக்குள் எட்டிப் பார்க்கவும் அருகில் புகைபிடிக்கவும் கூடாது. புல்கூரைக்கு ஒரு பொறி போதும்.

எரிந்துபோய்த் திரும்பக் கட்டிய ஷுரி கோட்டை எப்படிப் பட்டியலில் இருக்கிறது?

ஒகினாவாவின் ஷுரி கோட்டை 1945ஆம் ஆண்டுப் போரில் அழிந்து, 1992இல் மீண்டும் கட்டப்பட்டது. 2000இல் அங்கீகாரம் பெற்றது அந்தப் புதிய மாளிகை அன்று, அதன் கீழேயும் சுற்றிலும் உள்ள பழைய ரியூக்யூ அரசின் அடித்தள எச்சங்கள். ஆகவே 2019 அக்டோபர் 31 அன்று மாளிகை எரிந்தபோது அங்கீகாரம் பறிபோகவில்லை. ஆனால் ஒகினாவா மக்கள் அன்று தெருவில் நின்று அழுதார்கள். அவர்களுக்கு அது தாங்கள் மீட்டெடுத்த அரசின் முகம், பட்டியல் என்ன சொன்னாலும்.

ஹிரோஷிமாவின் இடிந்த கட்டடம் எப்படிப் பாரம்பரியம் ஆகும்?

செக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்து 1915இல் எழுந்த பொருட்காட்சிக் கட்டடம் அது. 1945 ஆகஸ்டு 6 அன்று குண்டு ஏறத்தாழ தலைக்கு மேலேயே வெடித்ததால் சில சுவர்கள் சாயாமல் நின்றன. அதை இடித்துவிடுவோம், நினைவே வேண்டாம் என்றவர்களும் உயிர்தப்பியோரில் இருந்தார்கள். 1966இல்தான் நகர மன்றம் நிரந்தரமாகக் காப்பதென்று தீர்மானித்தது. 1996இல் அங்கீகாரம் கிடைத்தபோது அமெரிக்கா அம்முடிவிலிருந்து விலகி நின்றது, சீனாவும் தன் ஐயத்தைப் பதிவு செய்தது. அழகுக்காகவோ கட்டடக் கலைக்காகவோ அல்லாமல், அது சுமக்கும் நினைவுக்காக மட்டுமே பட்டியலில் இடம்பெற்ற சின்னம் அது.

சில சின்னங்களைப் பற்றித் தென் கொரியா ஏன் எதிர்ப்புத் தெரிவிக்கிறது?

நியாயமான காரணம் உண்டு. 2015இல் மெய்ஜி காலத் தொழிற்புரட்சி இடங்கள் 23, ஹாஷிமா நிலக்கரித் தீவு உட்பட, ஒரே பதிவாகச் சேர்ந்தன. அவற்றுள் சிலவற்றில் 1940களில் கொரியர் பலர் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டுக் கடும் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதை ஜப்பானே குழுவின் முன் ஒப்புக்கொண்டு, அந்த வரலாற்றை விளக்குவதாக வாக்களித்தது. 2020இல் தோக்கியோவில் திறந்த தகவல் மையம் அந்த வாக்கை நிறைவேற்றவில்லை என்று 2021இல் உலகப் பாரம்பரியக் குழு கடும் வருத்தம் தெரிவித்தது.

சாதோ சுரங்கத்திலும் இதே சிக்கல். முன்மொழிவு மெய்ஜிக்கு முந்தைய எடோ காலக் கைச்சுரங்கத்தோடு நின்றது, ஆனால் போர்க்காலத்தில் அங்கே 1500க்கும் மேற்பட்ட கொரியர் உழைத்தார்கள். முழு வரலாற்றையும் சொல்வதாக ஜப்பான் உறுதியளித்து, உள்ளூர் அருங்காட்சியகத்தில் காட்சி வைத்த பிறகே 2024இல் கொரியா இசைந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த நினைவுக் கூட்டத்தைக் கொரியா புறக்கணித்தது. ஒரு நாடு தன் பெருமையை உலகத்தின் பொதுச்சொத்தாக அறிவித்த பின், அந்த இடத்தின் துயரத்தையும் பொதுவில் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஜப்பான் கேட்டுக் கிடைக்காமல் போனது உண்டா?

உண்டு. காமாகுரா நகரம் 2013இல், வல்லுநர் அறிக்கை எதிராக வந்ததால், திரும்பப் பெறப்பட்டது. புத்த ஆலயங்கள் உள்ள ஹிராய்சுமி 2008இல் ஒத்திவைக்கப்பட்டு, வடகிழக்கு ஜப்பானைப் பேரலை தாக்கிய 2011இல் இடம்பெற்றது. ஹிகோனே கோட்டை 1992 முதல் காத்திருப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. அதனால் அதன் அழகு குறையவில்லை.

இந்தச் சின்னங்களுக்கும் தென்னிந்தியாவுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்று உண்டு. நாராவின் தோதாய்ஜி ஆலயத்துப் பெரும் புத்தர் சிலைக்கு 752இல் கண்திறப்பு விழா நடந்தபோது, தூரிகை பிடித்துக் கண் எழுதியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவரைத் ‘தென் இந்தியாவிலிருந்து வந்த அந்தணர்’ என்றே அக்கால ஜப்பானியக் குறிப்பு அழைக்கிறது. இன்ன ஊர்க்காரர் என்று உறுதிபடச் சொல்வோரை நம்ப வேண்டாம். சான்று அந்த அளவுக்குப் போகவில்லை.

உலகப் பாரம்பரியம் என்றால் உலகத்தார் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்தானே?

போக முடியாத சின்னங்களும் உண்டு. 2017இல் இடம்பெற்ற ஒகினோஷிமா, கியூஷு கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறு தீவு. கொரியாவுக்கும் சீனாவுக்கும் கடல் கடந்தோர் நல்வழிப் பயணம் வேண்டி, 4ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை அங்கே படைத்தவற்றில் சுமார் 80,000 பொருட்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே ஒரு பூசகர் மட்டும் முறைவைத்துத் தங்குகிறார். கரையேறுவோர் கடலில் குளித்துத் தூய்மையாக வேண்டும். அங்கே கண்டதை வெளியே சொல்லக் கூடாது, ஒரு புல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. பெண்களுக்கு அனுமதி இல்லை. இது பலருக்கு, எனக்கும், உறுத்தலாகவே இருக்கிறது. மே 27 விழாவுக்கு மட்டும் சுமார் 200 ஆண்கள் அனுமதிக்கப்பட்டு வந்தார்கள். அங்கீகாரம் கிடைத்தபின், 2018 முதல், அதுவும் நிறுத்தப்பட்டது.

காண விரும்புவோர் கியூஷு கரையிலுள்ள முனாகாத்தா பெருங்கோயிலின் அருங்காட்சியகத்துக்குச் சென்று அந்தப் படையல் பொருட்களைப் பார்க்கலாம். இடையிலுள்ள ஓஷிமா தீவுக்குப் படகில் போனால், அதன் வடகரையில் தூரத்திலிருந்து வழிபடுவதற்கென்றே ஒரு சிறு கூடம் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து ஒகினோஷிமா தெரியும்.